முதல் அதிர்ச்சியும் பொறுமையும்

அரபு இலக்கணம் போதிப்பதையே வாழ்வாகக் கொண்ட நாம், ஐம்பத்தெட்டாம் வயதில் மோட்டார் வண்டியின் அடியில் மல்லாந்து படுப்போம் எனக் கனவிலும் கருதியதில்லை. கருதாதது நிகழ்ந்தது. அதில் நாம் பெற்ற பாடம் வண்டியைப் பற்றியது மட்டுமன்று. ஆதலின் அன்பர்களிடம் அதனைச் சொல்லத் துணிகின்றோம்.

ஓசூரில் நம் இல்லத்தில் பழைய மாருதி ஆம்னி ஒன்று உண்டு. 1984-இல் வெளிவந்து 2019-இல் உற்பத்தி நின்றுபோன வகை அது. சென்ற ஆண்டு நம் துணைவியாருக்கு முதுகுத்தண்டில் அறுவை நடந்தது. மாதந்தோறும் அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து பெங்களூர் சென்று மருத்துவரைக் காண வேண்டியிருந்தது. ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியின் பின்புறம் ஒருமுறை எழுந்து அமைவதற்கு மாறாக நான்கைந்து முறை துள்ளும். துள்ளுந்தோறும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "யா அல்லாஹ்!" என்பார். அக்குரல் நம் நெஞ்சைத் தைத்தது. பணிமனை ஒன்றில் காட்டினோம். வில் பட்டை முதல் யாவும் மாற்றவேண்டும் என்று நம் இரு மாத ஊதியத்தைக் கேட்டனர். பேசாது திரும்பினோம்.

அன்று மஃரிபுக்குப் பின் பள்ளிவாசல் முற்றத்தில் ஒருவர் ஸலாம் உரைத்தார். நம் முன்னாள் மாணவர். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன், ஸர்ஃபுப் பாடத்தில் ஒரு வினைச்சொல்லின் வாய்பாட்டை ஒப்பிக்கத் தடுமாறியதற்காகக் காதைத் திருகிப் பிள்ளைகள் நடுவே நிறுத்தி, "உன் தலையில் கல்வி ஏறாது" என்று நாம் தீர்ப்பளித்த அதே பிள்ளை! மறுவாரமே மதரஸாவிலிருந்து நின்றுவிட்டார். பின்னர் ஐ.டி.ஐ.யில் பயின்று, சிப்காட் தொழிற்பேட்டையின் ஆலை ஒன்றில் பணிபுரிகின்றார்.

வண்டியின் பின்மூலையைக் கையால் அழுத்திவிட்டு அது துள்ளுவதை எண்ணினார். குனிந்து அடியில் விளக்கடித்துப் பார்த்தார். "ஹஜ்ரத், பட்டைக்கு ஒரு குறையும் இல்லை. பின்னாலுள்ள இரண்டு ஷாக் அப்சார்பர்களும் எண்ணெய் கசிந்து போய்விட்டன. ஞாயிறன்று எனக்கு விடுமுறை. வீட்டிலேயே மாற்றிவிடலாம்" என்றார். அன்றிரவே துருவேறிய நட்டுகளில் எண்ணெய் விட்டு ஊறவைத்தார்.

அவர் விளக்கியபின்தான் அக்கருவியின் இயல்பு நமக்குப் புரிந்தது. பள்ளத்தில் விழும் அடியைத் தாங்குவது வில் பட்டையே. ஆனால் தாங்கிய வில் தானாக ஓயாது. மீண்டும் மீண்டும் எழும்பும். அவ்வெழுச்சியை அடக்குவதே இக்குழலின் பணி. உள்ளே நிறைந்த எண்ணெயைப் பிஸ்டன் சிறு துளைகளின் வழியே நெருக்கித் தள்ளுகின்றது. துள்ளலின் வேகம் அந்நெருக்கத்தில் வெப்பமாகிக் கரைந்துவிடுகின்றது. குழல் கெட்டால் சக்கரம் தரையை அழுத்திப் பற்றாது. பிரேக் பிடித்தாலும் வண்டி நிற்கத் தாமதமாகும். டயரும் திட்டுத் திட்டாகத் தேயும்.

ஞாயிறு காலை, தாங்கு ஸ்டாண்டுகளை எடுத்துவர அவர் சென்றிருந்த வேளையில், நமது அவசரம் நம்மை ஆட்கொண்டது. முற்றத்து மண்ணில் ஜாக்கியை வைத்து வண்டியை உயர்த்தி அடியில் புகுந்தோம். ஓடிவந்த அவர், நம் கணுக்கால்களைப் பற்றி வெளியே இழுத்தார். நாம் எழுந்து உட்காருமுன் மழையில் நனைந்திருந்த மண் உள்வாங்க, ஜாக்கி சாய்ந்து, வண்டி தடாலென இறங்கியது.

அவர் கைகள் நடுங்கின. ஆனால் ஒரு கடுஞ்சொல்லும் வரவில்லை. சற்று மௌனமாக நின்றுவிட்டு, "ஹஜ்ரத், ஜாக்கி தூக்குவதற்கு மட்டுந்தான், தாங்குவதற்கு அன்று" என்றார்.

பின்னர் வண்டியைச் சிமிட்டித் தரைக்கு நகர்த்தினோம். கைப் பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களை. அவை மேலெழுந்தபின் அது உதவாது. எனவே முன்சக்கரங்களுக்கு முட்டுக்கல் வைத்தார். இருபுறமும் ஸ்டாண்டு கொடுத்து, வண்டியை அசைத்துப் பார்த்த பிறகே நம்மை அருகில் அழைத்தார். பழைய குழல்களைக் கழற்றினார். புதியவற்றை நிமிர்த்திப் பிடித்துப் பலமுறை இழுத்தமுக்கி உள்ளிருந்த காற்றை நீக்கினார். ஒன்று மட்டும் மாற்றினால் இருபுறமும் ஒத்துழையா என்பதால் இரண்டையும் மாற்றினார். வண்டி தரையில் நின்று தன் எடையைத் தாங்கியபின்தான் போல்ட்டுகளை இறுதியாக முறுக்கினார். அந்தரத்தில் முறுக்கினால் ரப்பர் புஷ்கள் திருகிக்கொண்டு விரைவில் கிழிந்துவிடுமாம்.

அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவாறே நாம் ஒரு சொல்லை எண்ணிக்கொண்டிருந்தோம். அரபியில் இக்கருவிக்கு 'மும்தஸ்ஸுஸ் ஸதமாத்' என்று பெயர். அதிர்ச்சிகளை உறிஞ்சுவது என்பது பொருள். அதன் ஒருமையே 'ஸத்மா'. கப்றருகே அழுத பெண்மணிக்கு, பொறுமை என்பது முதல் ஸத்மாவின் வேளையிலேயே என்று நபிகள் நாயகம் (ஸல்) உணர்த்திய ஹதீஸை எத்தனை ஆண்டுகள் போதித்திருக்கின்றோம்! ஸப்ர் என்பதன் அடிப்பொருள் தடுத்து நிறுத்துதல் என்று கரும்பலகையில் எழுதியும் காட்டியிருக்கின்றோம். ஒரு சிறுவன் வாய்பாட்டில் தவறிய முதற் கணத்தில் நம் நாவை நாம் தடுத்து நிறுத்தவில்லை. நம் தவற்றால் ஓர் உயிரே போகவிருந்த முதற் கணத்தில் அவர் தம் நாவை நிறுத்தினார். அப்பாடத்தை அறிந்தவர் நாமா, அவரா?

கூலி கொடுத்தோம், வாங்க மறுத்தார். "தம்பி, அன்று வகுப்பில் நாம் சொன்ன சொல்லை மன்னித்துவிடு" என்றோம். "எந்தச் சொல், ஹஜ்ரத்?" என்று கேட்டவாறே கைக்கறையைத் துணியால் துடைத்தார். மறந்தாரா, மறைத்தாரா, நாம் அறியோம்.

அடுத்த பயணத்தில் அத்திப்பள்ளி வேகத்தடையில் வண்டி ஒருமுறை எழுந்து அமைந்தது. திரும்பிப் பார்த்தோம். துணைவியார் உறங்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் வகுப்பில் ஒரு சிறுவன் அதே வாய்பாட்டில் தடுமாறினான். நம் கை எழப் பார்த்தது. அதை மடியில் இருத்திக்கொண்டு, "மெதுவாகச் சொல், வாப்பா, நாம் காத்திருக்கின்றோம்" என்றோம்.