வேற்றுமையும் பூட்டும்

சக்கரத்தை முதலிற் கண்டவன் பேரறிஞன் என்பர். ஓர் அச்சின் இருபுறத்துச் சக்கரங்களையும் இயந்திர விசையால் உருட்டி, அவற்றை வெவ்வேறு விரைவிற் சுழலவும் விட்டவன் அவனுக்குச் சிறிதும் இளைத்தவனல்லன் என்பது என் துணிபு. வண்டி வளைந்து திரும்புங்கால் வெளிப்புறச் சக்கரம் நெடுந்தூரமும், உட்புறச் சக்கரம் குறுந்தூரமும் செல்லவேண்டும். மாட்டு வண்டியின் சக்கரங்கள் தனித்தனியே சுழலுவதால் அங்கு இடரில்லை. மோட்டார் வண்டியிலோ சக்கரங்கள் இரண்டும் விசையைப் பெறவும் வேண்டும். ஒன்றற்கொன்று கட்டுப்படாதிருக்கவும் வேண்டும். இவ்விரண்டையும் இயைவிப்பதே டிஃபரன்ஷியல் என்னும் பற்சக்கரத் தொகுதி. பிரெஞ்சு நாட்டினராகிய ஒனேசிஃபோர் பெக்கேர் என்பார் 1827-ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

இத்துணை நலம் வாய்ந்த இக்கருவிக்கும் ஒரு குறையுண்டு. அஃது இரு சக்கரங்களுக்கும் ஒத்த திருகு விசையையே ஈவது. ஆகவே ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கின், அது தாங்குமளவு சிறு விசையே உறுதியான நிலத்தில் நிற்கும் மற்றச் சக்கரத்திற்கும் கிட்டும். ஒன்று வீணே சுழல, மற்றொன்று வாளா நிற்கும். இதற்கு மாற்றாக வந்ததே பூட்டு டிஃபரன்ஷியல். வேண்டும்போது அது இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பிணித்துவிடும். நம் நாட்டில் 1947-இல் ஜீப் வண்டிகளைப் பூட்டி விற்கத் தொடங்கிய மஹிந்திரா நிறுவனத்தார், 2020-இல் வெளியிட்ட தார் வண்டிகள் சிலவற்றின் பின்னச்சில் தானே விழும் பூட்டினை அமைத்தனர். ஃபோர்ஸ் நிறுவனத்தாரின் கூர்க்கா வண்டியில் முன், பின் அச்சுகள் இரண்டினையும் ஓட்டுநரே நெம்புகோலாற் பூட்டலாம். காற்றழுத்தத்தாற் பூட்டுவது பிறிதொரு வகை.

இவ்வகைப் பூட்டொன்றைத்தான் என் சிற்றப்பா தம் பழைய ஜீப்பின் பின்னச்சிற் பொருத்துவித்தார். மருங்காபுரி, பண்டு பாளையமாகவும் பின்னர் ஜமீனாகவும் விளங்கிய ஊர். மணப்பாறைக்குத் தெற்கே உள்ளது. வானம் பார்த்த பூமியாதலின் ஆண்டின் பெரும்பகுதி புழுதியே; ஐப்பசி பிறந்தாலோ மண்பாதைகள் உளையாகிவிடும். முந்திய ஆண்டு மழையில், நிறைமாதக் கர்ப்பிணியொருத்தியை ஏற்றிச் சென்ற அந்த ஜீப் ஓடைக் குறுக்கே புதைந்து நின்றது. அவளைக் கயிற்றுக் கட்டிலில் வைத்து நால்வர் சுமந்து தார்ச்சாலை சேர்த்தனர். தாயும் சேயும் பிழைத்தனராயினும் சிற்றப்பாவுக்கு அன்றிரவு உறக்கமில்லை. மறுவருடம் இரண்டு கறவைகளை விற்றே அவர் இப்பூட்டினை வாங்கினார்.

ஆனால் பூட்டு விழவில்லை. பொத்தானை அமுக்கினால் சிவப்பு விளக்கு எரியும். காற்றடைக்கும் கம்ப்ரஸர் இரையும். சேற்றிலிருந்த சக்கரமோ முன்போலவே தனித்துச் சுழலும். பொருத்திய பட்டறையினர், “உள்ளே பழுது, அச்சைத் திரும்பப் பிரிக்கவேண்டும், கூலி வேறு” என்றனர். மழைக்கு இரண்டு கிழமைகளே இருந்தன. சிற்றப்பா எங்களூர் முதிய மெக்கானிக் ஒருவரை அழைத்து, “அண்ணே, மறுபடியும் பிரிக்கத்தான் வேண்டுமா?” என்று கேட்டார். பெரியவர் விடை கூறவில்லை. விடுமுறைக்கு வந்திருந்த என்னிடம் கைவிளக்கைக் கொடுத்து, “தம்பி, பொத்தானில் எரியும் விளக்கை நம்பாதே, சக்கரத்தைக் கேள்” என்றார்.

விளக்கு எரிவது மின்சாரம் சென்றதற்குச் சான்றேயன்றிப் பூட்டு விழுந்ததற்குச் சான்றன்று. முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்துப் பின்னச்சை ஜாக்கியால் உயர்த்தி, இருபுறமும் உறுதியான முட்டுக் கொடுத்தார். இயந்திரத்தை நிறுத்திக் கியரில் விட்டு, கைப்பிரேக்கைத் தளர்த்தினார். ஒரு சக்கரத்தைக் கையால் உருட்ட, மற்றது எதிர்த்திசையிற் சுழன்றது. பூட்டில்லாத நிலையில் இதுவே முறை. பூட்டு விழுந்திருந்தால் இரண்டும் அசையாது நிற்றல் வேண்டும். பொத்தானை அமுக்கிய பின்னும் அவை சுழன்றன.

அடுத்துக் கம்ப்ரஸரின் ஒலியை உற்றுக் கேட்டார். பூட்டுப் பொத்தானை அமுக்காதபோது அது காற்றை நிரப்பிவிட்டுத் தானே ஓய்ந்தது; அமுக்கியபோது ஓயவேயில்லை. எனவே கம்ப்ரஸரும் அதன் இணைப்புகளும் குற்றமற்றவை. காற்றைத் திறந்துவிடும் வால்வுக்கு அப்பால்தான் கசிவு என்பது பெறப்பட்டது. அப்பால் இருப்பன இரண்டே: மெல்லிய காற்றுக்குழாய், அச்சினுள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள். வளையம் கெட்டிருப்பின் காற்று அச்சுக் கூட்டில் நிறைந்து அதன் மூச்சுத்துளை வழியே வெளிப்படும். அங்கே காற்றில்லை. பின்னர்ச் சோப்புத் தண்ணீரைக் குழாய் நெடுகத் தடவினார். சைலன்சர் குழாயை ஒட்டிச் சென்ற ஓரிடத்தில் நுரை பொங்கியது. வெப்பத்தால் இளகிக் குழாய் பிளந்திருந்தது!

புதுக்குழாயை வெப்பத்தினின்று விலக்கி, அச்சு ஏறியிறங்கப் போதிய தளர்வுவிட்டுக் கட்டினார். முழு அழுத்தம் சென்றாலன்றி வளையங்களின் உண்மை தெரியாதாகலின் சோதனைகள் அனைத்தையும் மீளவும் செய்தார். சக்கரங்கள் அசையவில்லை, கம்ப்ரஸர் ஓய்ந்தது, மூச்சுத்துளையிற் காற்றில்லை. பொத்தானை விடுத்ததும் முன்போல் எதிரெதிர் சுழன்றன. செலவு சில முழக் குழாயே.

சிற்றப்பா மகிழ்ந்து பூட்டியபடியே தார்ச்சாலையில் திரும்ப முயன்றார். டயர்கள் தேய்ந்து கிறீச்சிட்டன. வண்டி வளைய மறுத்தது. “இன்னும் பழுதா?” என்று அவர் கலங்க, பெரியவர் நகைத்து, “இது பழுதன்று, இயல்பு. கெட்டித் தரையிற் பூட்டாதே, பூட்டினால் அச்சே முறியும்” என்றார்.

தமிழ் பயிலும் நான் அன்று ஒரு பாடம் பெற்றேன். ஒரு தொடர் பொருள்படாதபோது, முதலிற் சந்தி பிரித்துப் பாராது ஏட்டையே திருத்தத் துணிவார் உண்டு. புறத்தே எளிதிற் காணத்தக்கதைக் கண்டொழித்த பின்னரே அகத்தைப் பிரித்தல் தகும். அன்றியும், குற்றமெனத் தோன்றுவன யாவும் குற்றமாகா; இயல்பைக் குற்றமென்று திருத்தப் புகின் நல்ல பொருளும் கெடும்.

அவ்வாண்டு ஐப்பசி மழை பெய்தது. ஓடைக் குறுக்கே ஜீப் இருமுறை சிக்கியது. இருமுறையும் தானே ஏறி வந்தது. கயிற்றுக் கட்டில் திண்ணையிலேயே கிடந்தது.