நைல் படகிலிருந்து மேட்டூருக்கு ஒரு போன்

முதல்லயே சொல்லிடறேன். தமிழை செகண்ட் லாங்குவேஜா மட்டும் படிச்ச ஒரு இங்கிலீஷ் மீடியம் பையன் எழுதறது இது. ஒற்றுப்பிழை இருந்தா என்னைத் திட்டுங்க, எடிட்டரை விட்டுடுங்க.

போன செமஸ்டர் லீவுல, துபாய்ல வேலை செய்யற மாமா எங்களை எகிப்துக்குக் கூட்டிட்டுப் போனார். லக்சர்ல ஏறி நாலு நாள் நைல் நதியிலயே அஸ்வான் வரைக்கும். நாலு மாடி லாட்ஜ் ஒண்ணு ஆத்துல மிதக்குதுன்னு நெனச்சுக்கங்க, அதுதான் கப்பல். வழியில கரையோரம் எல்லாம் கோயில்.

கர்னாக் கோயிலோட 134 தூண்களை நீங்க ரீல்ஸ்லயே பார்த்திருப்பீங்க. எனக்குப் பிடிச்சது எஸ்னா. கப்பலை ஒரு தொட்டிக்குள்ள விட்டு, தண்ணி நிரப்பி, மேல் மட்டத்துக்குத் தூக்கி விடறாங்க. சிவில் பையன் நான், வாயைப் பொளந்து பார்த்துட்டு இருந்தேன். அங்கே வரிசையில நிக்கும்போது வியாபாரிங்க சின்னப் படகுல வந்து கப்பலோட கயிறு போட்டு ஒட்டிக்கறாங்க. துணியை பாலித்தீன் கவர்ல சுருட்டி மொட்டை மாடிக்கு வீசுவாங்க. பிடிச்சிருந்தா காசை அதே கவர்ல வெச்சுத் திருப்பி வீசணும். அத்தை மேல இருந்தே கத்திப் பேரம் பேசி ரெண்டு மேஜை விரிப்பு வாங்கினாங்க. எங்க வீட்டு மேஜைக்கு ரெண்டுமே சேரலை.

கொம் ஓம்போல முதலைச் சாமிக்குக் கோயில், பக்கத்துலயே முதலை மம்மிகள். அதுக்கு அடுத்த நாள்தான் ஃபிலே.

ஃபிலே ஒரு தீவுக் கோயில், மோட்டார் படகுல போகணும். 1902-ல கட்டின பழைய அணையால வருஷத்துல பாதி நாள் தண்ணிக்குள்ள கிடந்ததாம். 1960-ல பெரிய அணை வேலை ஆரம்பிச்சதும் மொத்தமா போயிடும்னு பயம். அதனால யுனெஸ்கோ உதவியோட சுத்தித் தடுப்பு போட்டு, தண்ணியை இறைச்சு, கோயிலைப் பிரிச்சு, கல்லுக்குக் கல் நம்பர் போட்டு, பக்கத்துல இருந்த அகில்கியா தீவுல திரும்பக் கட்டினாங்க. 1980-ல திறந்தாச்சு. ஜாயின்ட் எங்கேன்னு தேடினேன், சுலபத்துல கண்ணுக்குச் சிக்கலை.

படகு ஓட்டினவர் நூபியாக்காரர். அவர் தாத்தா ஊர் அணைக்கு அந்தப் பக்கம், ஏரிக்கு அடியில. எகிப்துல மட்டும் சுமார் 50,000 நூபியர்களைக் கிளப்பி, முந்தின நாள் நாங்க முதலை பார்த்த கொம் ஓம்போ பக்கம் குடிவெச்சாங்களாம்.

அன்னைக்கு ராத்திரி அம்மாயிக்கு போன் போட்டேன். அவங்க அப்பா பொறந்த ஊர் மேட்டூர் அணைக்குள்ள போனது, 1934-க்கு முன்னாடி. தண்ணி ரொம்ப இறங்குற வருஷம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி வெளிய தெரியும், நீங்க நியூஸ்ல பார்த்திருப்பீங்க. எங்க வீட்டுல அந்த நியூஸ் வந்தா யாரும் சேனல் மாத்த மாட்டோம்.

நான் காஃபர் டேம், கிரேன்னு அளந்துட்டே போனேன். அம்மாயி பொறுமையா கேட்டுட்டு, "சாமிய தூக்கி வெச்சுட்டாங்க, சரி. சனங்க எங்க போச்சு கண்ணு?"ன்னாங்க.

"வேற எடத்துல வீடு கட்டிக் குடுத்தாங்க அம்மாயி."

"ஆத்தோரமாவா?"

அதையும் படகுக்காரர் சொல்லியிருந்தார். ஆத்துல இருந்து தள்ளி. சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "சாப்டியா?"

என் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டே மேட்டூர்ல வண்டல் எவ்வளவு படியுதுங்கறதுதான். ஊர்ங்க இருந்த இடம் என் மேப்ல ஒரே நீலம். லீவு முடிஞ்சு வரும்போது அம்மாயி பக்கத்துல உட்கார்ந்து, அவங்க அப்பா சொன்னதையெல்லாம் எழுதினேன்: கிணறு எந்தப் பக்கம், புளியமரம் யாருது, சந்தைக்கு எந்த வழி. நாலு பக்கம் வந்தது. ரிப்போர்ட்ல கடைசியா சேர்க்கலாமான்னு கைடு சாரைக் கேட்டேன். ஃபார்மேட்ல இடமில்லைன்னுட்டார்.

நோட்டு ஹாஸ்டல் அலமாரியில இருக்கு. அஞ்சாவது பக்கம் பொங்கலுக்குப் போகும்போது எழுதணும்.