சேற்றில் கறுத்த செம்பு

கொச்சி மட்டாஞ்சேரியின் ஜூ டவுனில் பழைய செம்பு வாங்க வருகிறவர்கள் பளபளப்பைத்தான் தேடுகிறார்கள். பழம்பாத்திரங்களைச் சீர்செய்யும் எனக்கோ, தூர்வாரிய சேற்றிலிருந்து கறுத்துப்போய் வரும் குடங்கள், தவலைகள் மேல்தான் பிரியம். அவற்றில் பச்சைக் களிம்பு இராது. காற்றே படாமல் செம்பு அரித்ததன் அடையாளம் அந்தக் கறுப்பு.

வெறும் சுத்தமான தண்ணீரில் அப்படி அரிக்குமா? அரிக்கும், ஹைட்ரஜன் வெளிவரும் என்று 1986-இல் ஸ்டாக்ஹோமில் ஆய்வாளர் குன்னர் ஹுல்ட்குவிஸ்ட் எழுதினார். அணுக்கழிவை 5 செ.மீ. தடிமனுள்ள செம்புக் கலங்களில் அடைத்துப் பாறைக்கடியில் புதைக்க முனைந்திருந்த சுவீடனில் அது நெடிய வழக்காயிற்று. வேறு ஆய்வகங்களில் அந்த அளவு அரிப்பு தென்படவில்லை; 2022-இல் அரசு அனுமதி கொடுத்துவிட்டது. ஆனால் தண்ணீரில் சல்பைடு இருந்தால் செம்பு அரிக்கும் என்பதில் இரு தரப்புக்கும் சந்தேகமில்லை.

கொச்சியில் சல்பைடுக்குப் பஞ்சமில்லை. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 2.7 கிராம் சல்பேட் உண்டு. காயல் சேற்றுக்குள் ஆக்ஸிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் அதை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுகின்றன. கால்வாயோரம் மூக்கைத் துளைக்கும் அழுகிய முட்டை நாற்றம் அதுதான். அது செம்போடு சேர்ந்ததும் கறுப்புச் சல்பைடு படிகிறது, ஹைட்ரஜன் பிரிகிறது. களிம்பு செம்போடு உடன்பிறந்தது என்று ஆணவ மலத்துக்கு உவமை சொல்கிறது சைவ சித்தாந்தம். உயிரைப் பற்றிய பேச்சு அது. பட்டறையில் நான் பார்த்தவரை, கறுப்போ பச்சையோ, வெளியிலிருந்து ஒன்று வந்து சேராமல் பிடிப்பதில்லை.

அந்தக் கறுப்பை லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஓரத்தில் மயில்கழுத்து நிறம் ஓடும். ஊசிமுனை பட்டால் செதில் பெயரும். கன்னாரின் சுத்தியல் தடம் பல இடங்களில் அந்தச் செதிலில்தான் தங்கியிருக்கும். சுரண்டினால் தடமும் போகும்.

ஆபத்து வெளியே எடுத்த பிறகுதான். செதிலுக்கடியில் தங்கிய குளோரைடு, கொச்சியின் ஈரக்காற்று பட்டதும் வெளிர்பச்சைத் தூளாகப் பொங்கி உலோகத்தைத் தின்னும். அதனால் சேற்றுப் பாத்திரத்தை வெயிலில் காயவைக்காதீர்கள். ஈரம் போகாமல் கொண்டுவாருங்கள். காய்ச்சி வடித்த நீரை மாற்றி மாற்றி உப்பு இறங்கும்வரை ஊறவைப்பேன். பிறகு ஆல்கஹாலில் நனைத்து உலர்த்தி, கையுறை போட்டுக்கொண்டு, அரிப்பைத் தடுக்கும் பென்சோட்ரையசோல் கரைசலில் முக்குவேன். புளியும் உப்பும் போட்டுத் தேய்க்க மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். புளி கறுப்பைக் கரைக்காவிட்டாலும் அந்தத் தேய்ப்பில் செதில் உதிரும்; உப்போ, நான் நாள்கணக்கில் இறக்கிய குளோரைடை மறுபடி ஏற்றிவிடும்.