தட்டு எங்கட வாங்குக்கு வரும்போது

“நீ வேதமா?” எண்டு முதல் வருசம் என்ர ரூம்மேட் கேட்டாள். ஓம் என்றேன்.

“கத்தோலிக்கமா?”

“இல்லை.”

“அப்ப அல்லேலூயா சேர்ச்சா?”

“அதுவும் இல்லை. பிரெஸ்பிட்டேரியன்.”

ஏதோ நோயின்ர பேரைச் சொன்னவளைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

சொல்தான் பெரிசு, விசயம் சின்னது. கிரேக்கத்தில் பிரெஸ்பிட்டெரோஸ் என்றால் மூப்பர். எங்களுக்கு ஆயர் கிடையாது. சபை தெரிவுசெய்கிற மூப்பர்களும் போதகரும் ஒரு மேசையைச் சுற்றி இருந்து எல்லாத்தையும் முடிவெடுப்பார்கள். கூரைக்கு எந்தத் தகரம் போடுவது, யாருக்குத் திருவிருந்து கொடுப்பது எல்லாம் அந்த மேசையில்தான். 16ஆம் நூற்றாண்டில் ஜெனீவாவில் கல்வின் ஒழுங்குபடுத்திய முறை இது. 1656இல் கொழும்பைப் பிடித்த ஒல்லாந்தரோடு இந்தப் பக்கம் வந்தது. அவர்கள் 1749இல் கட்டத் தொடங்கி 1757இல் திறந்த வுல்வெண்டால் தேவாலயம் இன்றும் கொழும்பில் தடித்த சுவர்களோடு நிற்கிறது. எங்கட சேர்ச் அவ்வளவு பெரிசில்லை. கொழும்பு வடக்கில், தமிழ் ஆராதனைக்கு முப்பது குடும்பம் வரும். மழை என்றால் பதினைந்து.

கம்பஸில் வரலாறு படிக்கப்போய் ஒரு சங்கடம் வந்தது. ஒல்லாந்தர் காலத்தில் அரசாங்க உத்தியோகம் வேணுமென்றால் அவர்களின் சபையில் ஞானஸ்நானம் எடுத்திருக்க வேணும். 1796இல் ஆங்கிலேயர் வந்த பிறகு, பேருக்குச் சேர்ந்திருந்த சனம் கூட்டம் கூட்டமாக விலகிவிட்டது. லீவுக்கு வீட்டை போனபோது இதை அப்பம்மாவிடம் சொன்னேன், கொஞ்சம் குத்திக்காட்டுற மாதிரித்தான். அவ கீரை ஆய்ந்துகொண்டே, “கழண்டவை கழண்டிட்டினம். நாங்கள் நிண்டம்தானே” என்றா.

அப்பப்பா 31 வருசம் மூப்பராக இருந்தார். அவரிடம் ஒரு சிவப்பு மட்டைக் கொப்பி இருந்தது. எந்த வீட்டில் யாருக்கு வருத்தம், யாரின்ர பிள்ளைக்குச் சோதனை, யார் மூன்று ஞாயிறாக வரவில்லை என்பதெல்லாம் அதில் இருக்கும். சனிக்கிழமை பின்னேரங்களில் சைக்கிளில் வீடுவீடாகப் போவார். சின்னனில் என்னையும் முன்னுக்கு ஏற்றிக்கொண்டு போவார். ஹைடல்பேர்க் வினாவிடையின் 129 கேள்விகளில் பாதியை நான் அந்த சைக்கிள் பாரில் இருந்தபடிதான் பாடமாக்கினேன். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுகளுக்குப் பிறகு, சேர்ச் வாசலில் பைகளைத் திறந்து பார்க்கிற வேலையும் மூப்பர்களுக்கு வந்தது. நாற்பது வருசமாகத் தெரிந்தவர்களின் கைப்பைக்குள் பார்க்கிறதுக்கு அவர் கூசினார். ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் பார்த்தார்.

அவர் மோசம் போய் ஒரு வருசத்துக்குப் பிறகு அந்த இடத்துக்கு ஆள் தேடினார்கள். வந்த பெயர் என்ர அம்மாவின் பெயர்.

எங்கட சபைச் சட்டத்தில் பெண்களுக்குத் தடை இல்லை. ஆனால் அதுவரைக்கும் ஒருத்தரும் இருந்ததுமில்லை. வழக்கப்படி இரண்டு ஞாயிறு பெயரை வாசித்து, மறுப்பு இருந்தால் சொல்லுங்கள் என்று போதகர் கேட்டார். பகிரங்கமாக யாரும் வாய் திறக்கவில்லை. மறுப்பு எங்கட வீட்டுக்குள்ளேதான் இருந்தது.

“நேற்று வந்தவள்” என்றா அப்பம்மா.

அந்த நேற்று 24 வருசத்துக்கு முந்தினது. அம்மா திருகோணமலையில் சைவக் குடும்பத்தில் பிறந்தவ. கலியாணத்துக்கு முதல் மாதம் ஞானஸ்நானம் எடுத்தவ. அது விசுவாசத்திலா, அப்பாவுக்காகவா என்று நான் ஒருக்கா கேட்டேன். “முதலில் அப்பாவுக்காக” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டா. 2022இல் காஸ் இல்லாமல், பெற்றோல் இல்லாமல் கிடந்த மாதங்களில் அந்தச் சிவப்புக் கொப்பியை எடுத்துக்கொண்டு நடந்து நடந்து அரிசியும் பருப்பும் கொடுத்தது அம்மாதான். அப்பப்பாவுக்கு அப்ப நடக்க ஏலாது. இதெல்லாம் அப்பம்மாவுக்குத் தெரியாததில்லை.

ஸ்கொட்லாந்துச் சபையில் 1966இலேயே பெண்கள் மூப்பராக வந்துவிட்டார்கள் என்று நானும் என்ர பங்குக்குச் சொல்லிப் பார்த்தேன். “அது ஸ்கொட்லாந்து” என்றா.

துண்டுச் சீட்டில் வாக்கெடுப்பு நடந்தது. வாக்குப்போடுகிற வயது வந்தபிறகு என்ர முதல் வாக்கு அதுதான். அம்மா தெரிவானா. அப்பம்மா என்ன எழுதினா என்று எனக்குத் தெரியாது.

இனி திருவிருந்தைப் பற்றிச் சொல்ல வேணும். வேறு பல சபைகளில் சனம் எழும்பிப் பீடத்துக்குப் போகும். எங்களில் நாங்கள் வாங்கில் இருந்தபடியே இருப்போம். மூப்பர்கள் அப்பத் தட்டையும் சின்னச் சின்னக் கிண்ணங்கள் அடுக்கின தட்டையும் கொண்டுவந்து வாங்கின் கரையில் இருப்பவரிடம் கொடுப்பார்கள். அவர் எடுத்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவருக்காகத் தட்டைப் பிடிக்க வேணும். அப்படியே கைமாறிப் போகும்.

எனக்கு இதில் ஒரு தனிப் பிரச்சினை இருந்தது. இரண்டாம் வருசத்திலிருந்து எனக்கு விசுவாசம் ஒரு சீராக இல்லை. சில ஞாயிறுகளில் பாட்டுக்கு வாய் மட்டும் அசையும். ஒருக்கா எடுக்காமல் விடுவோமா என்று யோசித்தும் இருக்கிறேன். நம்பாமல் எடுக்கிறது அப்பம்மாவுக்கும் செய்கிற துரோகம் மாதிரி இருந்தது. இதை வீட்டில் ஒருவருக்கும் சொன்னதில்லை.

அம்மா தட்டுத் தூக்கின முதல் ஞாயிறு நான் வாங்கின் கரையில் இருந்தேன். பக்கத்தில் அப்பம்மா. அம்மா வெள்ளைச் சேலை கட்டியிருந்தா, கை நடுங்கியது தெரிந்தது. தட்டு என்னிடம் வந்தது. நான் எடுத்தேன், எடுக்கலாமா என்று யோசிக்க நேரம் கிடைக்கவில்லை. பிறகு அப்பம்மா பக்கம் திரும்பிப் பிடித்தேன்.

அவ உடனே எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை, என்ர கை உளையத் தொடங்கிற அளவுக்கு. அம்மா அங்காலை பார்த்துக்கொண்டு நின்றா. பின் வாங்கில் யாரோ செருமினார்கள். பிறகு அப்பம்மா ஒரு துண்டை எடுத்தா. முகம் நிலத்தைப் பார்த்தபடி.

வீட்டுக்கு ஓட்டோவில் வரும்போது மூன்று பேரும் ஒரு கதையும் இல்லை. ஆமர் வீதிச் சந்தி தாண்டினபிறகு அப்பம்மா என்னைப் பார்த்து, ஆனால் அம்மாவுக்குக் கேட்கத்தக்கதாகச் சொன்னா:

“அவளுக்குச் சொல்லு, கிண்ணத் தட்டைச் சரிச்சுப் பிடிக்கிறாள். ரசம் ஊத்துப்படும். அவர் கீழாலை உள்ளங்கையை வைச்செல்லோ பிடிக்கிறவர்.”

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி, “சரி மாமி” என்றா.