70 வளைவு... ரெண்டு காரு... ஒரு தாத்தா!

வீட்டுல மெக்கானிக்கல் படிக்கிற பையன் இருந்தா போதும். மிக்ஸி மக்கர் பண்ணினாலும் 'இன்ஜினீயர்கிட்ட கேளு'ம்பாங்க! இந்த முறை வந்த கேள்வி மட்டும் கொஞ்சம் சீரியஸ். "தாத்தாவோட 1984 மாடல் அம்பாஸடரை வெச்சுக்கலாமா, பழைய இரும்புக்குப் போட்டுடலாமா?" ஆர்.சி. புதுப்பிக்கிற தேதி நெருங்குது. 15 வருஷம் தாண்டின காருக்கு 600 ரூபாயா இருந்த கட்டணம், 2022 ஏப்ரல்லயே 5,000 ஆயிடுச்சேன்னு அப்பாவுக்குக் கவலை.

"கொல்லிமலை போயிட்டு வந்து சொல்றேன்"னேன்.

நாமக்கல் மாவட்டம், அடிவாரம் காரவள்ளி. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள்! அறப்பளீஸ்வரரைக் கும்பிடக் குடும்பமே கிளம்பிச்சு. தாத்தாவோட அம்பாஸடர்ல நான். பின்னாடியே சித்தப்பாவோட 2019 ஸ்விஃப்ட்.

அம்பாஸடர் இன்ஜின் 1,489 சி.சி., ஸ்விஃப்ட் 1,197. ஆனா, சின்ன இன்ஜினுக்குத்தான் குதிரைசக்தி ஜாஸ்தி! பவர் ஸ்டீயரிங் கிடையாது. ஒவ்வொரு வளைவுக்கும் தாத்தா தோளால வண்டியைத் திருப்புறார். ஸ்டீயரிங் பக்கத்துல இருக்குற கியரை இழுத்து ரெண்டாவதுக்கு மாத்துறார். ஜன்னல் வழியா குளுகுளு காத்து. சில்வர் ஓக் மரமெல்லாம் மெதுவா நகருது. எந்த மரத்துல மிளகுக்கொடி ஏறியிருக்குன்னு நின்னு பார்க்குற ஸ்பீடு!

நாப்பத்தெட்டாவது வளைவு. இன்ஜின் கப்சிப். "மூச்சு வாங்குது கண்ணு, வேறொண்ணுமில்ல." இறங்கி, பெட்ரோல் பம்ப் மேல ஈரத்துணியைச் சுத்தினார் தாத்தா. சூட்டுல பெட்ரோல் ஆவியாகிப் பம்ப்புக்குப் பிடி கொடுக்கலை. அந்தக் காலத்து கார்புரேட்டர் வண்டிகளுக்கே உள்ள வியாதி. செமஸ்டர்ல 'வேப்பர் லாக்'னு மனப்பாடம் பண்ணி எழுதினது, அன்னிக்குத்தான் புரிஞ்சுது! ஸ்விஃப்ட்டுல பம்ப் டேங்க்குக்குள்ளயே இருந்து பெட்ரோலை அழுத்தித் தள்ளுது. அந்த வியாதி அநேகமா வராது.

இறங்கும்போது ஸ்விஃப்ட். குலுங்கல் இல்லை. அவசரமா பிரேக் அடிச்சாலும் ஏ.பி.எஸ். சக்கரத்தைப் பூட்ட விடாது. முன்னாடி ரெண்டு ஏர்பேக். எப்ப அடிவாரம் வந்துச்சுன்னே தெரியலை. தாத்தா வண்டி நாலு சக்கரத்துலயும் டிரம் பிரேக். விடாம மிதிச்சா சூடேறிப் பிடி குறைஞ்சுடும். அதனால, ஏறின கியர்லயே பிரேக்குக்கு வேலை வைக்காம இறக்கிட்டு வந்தார். அது எந்தப் புது காருக்கும் பொருந்துற பாடம்.

அடிவாரத்துல டீ. தாத்தா பானெட்டைத் தட்டி, "பாத்தியா, இரும்பு! இடிச்சாலும் நசுங்காது. என்ன சொல்றே?"ன்னார்.

பொய் சொல்ல மனசு வரலை. "நசுங்காததுதானுங்க தாத்தா பிரச்னை. புது காரோட மூக்கு நசுங்கி அடியை வாங்கிக்கும். இது வாங்காது, உள்ள இருக்குற நமக்குக் கொடுத்துடும். இனி மலைக்கு ஸ்விஃப்ட்லயே போலாமுங்க."

தாத்தா டீயைக் குடிச்சு முடிக்கிற வரைக்கும் பேசவே இல்லை. எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. "ஆனா, இதை விக்க வேணாமுங்க. ஆர்.சி. பணம் என் இன்டர்ன்ஷிப் காசுல கட்டுறேன். ஸ்விஃப்ட்டைத் திறந்தா மூடி மட்டும்தான் தெரியுது. இதைத் திறந்தாதான் எனக்கு இன்ஜின் தெரியுது"ன்னேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கு எழுப்பி, கையில ஸ்பேனரைக் கொடுத்தார். "கார்புரேட்டரைக் கழட்டு கண்ணு!"

கழட்டிட்டேன். மாட்டத்தான் ரெண்டு நாளாச்சு!