நடுக்களம்

வலைப்பந்தாட்டத்தைப் பார்க்க வருகிறவர்களுடைய கண்கள், கம்பத்தின் உச்சியில் 3.05 மீற்றர் உயரத்திலுள்ள வளையத்தையே நாடி நிற்பதும், அவ்வளையத்துக்குள் பந்தை இடுகிறவளுடைய பெயரே மறுநாட் காலைக் கூட்டத்தில் கரகோஷத்துடன் வாசிக்கப்படுவதும் உலக வழக்கம். அதிற் குற்றம் சொல்வதற்கில்லை. ஆயினும், மலைநாட்டு நானுஓயாவைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களிலிருந்து வரும் பெண்பிள்ளைகளுக்குப் பல்லாண்டுகளாக இவ்வாட்டத்தைக் கற்பித்து வந்த அநுபவத்தில் எனக்கு உறுதிப்பட்ட அபிப்பிராயம் ஒன்றுண்டு. கோல் என்பது காரியம். அதன் காரணம் நடுக்களத்தில், பெரும்பாலும் கையிற் பந்து இல்லாத ஒருத்தியின் கால்களில் இருக்கிறது.

30.5 மீற்றர் நீளமும் 15.25 மீற்றர் அகலமும் உடைய ஆடுகளம் மூன்று சம பாகங்களாக வகுக்கப்பட்டுள்ளது. கோல் ஷூட்டரும் கோல் கீப்பரும் தத்தமக்குரிய ஒரு பாகத்துள் அடங்கியிருக்க, விங் அட்டாக்கும் விங் டிபென்ஸும் இரண்டு பாகங்களில் இயங்க, சென்டர் ஒருத்தி மாத்திரமே இரு கோல் வட்டங்கள் நீங்கலாகக் களம் முழுவதிலும் ஓடும் உரிமை பெற்றவள். பதினைந்து நிமிஷப் பகுதிகள் நான்கையும் ஓடி முடித்த பிள்ளையைக் கேட்டால், அந்த உரிமையைத் தண்டனை என்றே சொல்லுவாள்.

அமெரிக்கக் கூடைப்பந்தாட்டத்திலிருந்து இங்கிலாந்தின் மகளிர் உடற்பயிற்சிக் கல்லூரிகளில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருப்பெற்றது இவ்வாட்டம். அதே காலத்தில் அந்நாட்டுப் பெண்கள் பாடசாலைகளில் வேரூன்றிய இன்னோர் ஆட்டம் லக்ரோஸ். வட அமெரிக்க ஆதிக்குடிகளுக்குரிய அதனைப் பெண்கள் ஆடிய முதற் போட்டி, 1890இல் ஸ்கொட்லாந்தின் சென் லெனாட்ஸ் பாடசாலையில் நடந்தது. அவ்வாட்டத்தை நம் மலைநாட்டு மைதானங்களிற் காண்பதற்கில்லை. வலைப்பந்தோ இந்நாட்டில் வந்து நிலைத்தது. நாட்டுக்கு நாடு வேறுபட்டுக் கிடந்த அதன் விதிகளை ஒருமைப்படுத்திச் சர்வதேச சம்மேளனத்தை நிறுவிய 1960ஆம் ஆண்டு மகாநாடு கூடியதே இலங்கையில்தான். 1963இல் ஈஸ்ட்போனில் நடந்த முதலாவது உலகப் போட்டியில் நம் நாட்டு அணியும் ஆடிற்று.

லக்ரோஸை இங்கே நான் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. அதில் ஒவ்வொரு கோலுக்குப் பின்னும் இரு அணிகளின் மத்திய வீராங்கனைகள் எதிரெதிரே நின்று, தங்கள் வலைமட்டைகளின் புறப்பக்கங்களுக்கிடையே பந்தை நெருக்கிப் பிடித்து, விசில் கேட்டதும் அது தலைக்கு மேலே எழும்படி வீசுகிறார்கள். எழுந்த பந்து வல்லவளைச் சேர்கிறது. நமது ஆட்டத்தில், கோல் அடித்தவர் யாராயினும், நடுவட்டத்திலிருந்து பந்தை எறியும் முறை இரு அணிகளுக்கும் மாறிமாறி வருகிறது. அங்கே பந்து போரிட்டுப் பெறும் பொருள். இங்கே அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள். தன் முறையில் வந்த பந்துகளையெல்லாம் கோலாக்கிய அணி தோற்பது அரிது. அதற்கு மேல் எதிரணியின் முறைப் பந்துகளில் இரண்டொன்றைப் பறித்துக்கொண்ட அணிக்கு வெற்றி நிச்சயம். இந்தக் கணக்கைப் பிள்ளைகளுக்கு முதலில் விளக்கிவிடுவேன். ஓட்டமும் துள்ளலும் அதன் பிறகு.

விசில் ஒலிக்கும்வரை நடுப்பாகத்தில் இரு சென்டர்களையன்றி வேறெவரும் காலடி வைத்தலாகாது. ஒலித்த மூன்று விநாடிகளுக்குள் பந்து கையை விட்டு நீங்க வேண்டும்; அந்த நடுப்பாகத்திலேயே அது பிடிபடவும் வேண்டும். புதிதாக வரும் பிள்ளை, இது எறிபவளுக்குரிய சோதனையென்று எண்ணிக் கோட்டருகில் அசையாது நிற்பாள். ஆனால் எறிபவள் ஒருத்தி, ஏற்க ஓடிவரக் கூடியவர்கள் நால்வர். மலைநாட்டு ஒற்றைத் தண்டவாளப் பாதையின் சிறு ஸ்டேஷன்களில், நில்லாமற் செல்லும் இரயிலுக்கு வழியநுமதியான டேப்லட் வளையத்தை நீட்டும் ஊழியர், வண்டி வந்து சேரப்போகும் இடத்திலே வளையத்தைப் பிடித்திருப்பதைக் கண்டவர்களுக்கு நான் சொல்வது எளிதில் விளங்கும். பந்தும் அவ்வாறே, ஓடுகிறவள் இருக்கப்போகும் இடத்துக்கு எறியப்பட வேண்டும். அந்த இடத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் ஓடுகிறவளுடையது.

ஆகையால் ஆரம்ப வாரங்களில் நான் பந்தை வெளியே எடுப்பதே இல்லை. “டீச்சர், போல் இல்லாம எப்படி வெளையாடுறது?” என்று கேட்பார்கள். “போல் வாறதுக்கு முந்தியே பாதி வெளையாட்டு முடிஞ்சிரும், பிள்ளை” என்பேன். கோட்டருகில் இருவரை நிறுத்தி, ஒருத்தி மற்றவளை ஏய்த்து ஓடும்படி பணிப்பேன். இடத்தோளைச் சற்றுச் சாய்த்து, எதிராளி தன் உடற்பாரத்தை அப்பக்கத்துக் காலுக்கு மாற்றும் அந்தக் கணத்தில் வலப்புறம் பாய்வதே போக்குக் காட்டுதலின் இரகசியம். எதிராளி நம்பும் அளவுக்கு முதலசைவு உண்மைபோல் இருக்க வேண்டும். தானே நிலைகுலையும் அளவுக்கு அது பெரிதாகவும் கூடாது. விசிலுக்கு முன் கோட்டைத் தாண்டினால் பந்து எதிரணிக்குப் போய்விடுமாதலால், அவசரப்படும் சுபாவமுள்ள பிள்ளையை ஓரடி பின்னே நின்று ஓடிவரப் பழக்குவது பிரயோஜனமானது.

பந்தைப் பிடித்தவள் முதலில் ஊன்றிய காலை எடுத்து மீண்டும் நிலத்தில் வைத்தலாகாது; பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவதும் இல்லை. பிடிப்பதற்கும், திரும்புவதற்கும், பார்ப்பதற்கும், எறிவதற்கும் சேர்த்து மூன்று விநாடிகளே உள்ளபடியால், திரும்புகிற வேலையை ஆகாயத்திலேயே முடித்துவிட வேண்டும்: துள்ளிப் பிடிக்கும்போதே இடுப்பைத் திருப்பி, நம் கோற்கம்பத்தை நோக்கிய முகத்துடன் தரையில் இறங்குகிறவளுக்கு அவகாசம் மிஞ்சுகிறது. எறிந்தபின் நின்று வேடிக்கை பார்ப்பதே நடுக்களத்துக்கு ஆகாத பெருங்குற்றம். எறிந்த கையோடு அடுத்த வெற்றிடத்துக்கு ஓட வேண்டும்; பந்து திரும்பி வராவிடினும் ஓட வேண்டும். அவ்வோட்டம் எதிராளி ஒருத்தியைத் தன் பின்னே இழுத்துச் சென்று, தோழி ஒருத்திக்கு வழி திறக்கிறது.

எதிரணியின் முறைப் பந்தைத் தடுப்பதற்கு வேறு விதமான பொறுமை வேண்டும். எதிராளியை ஒட்டி நிழல்போல் நகர்வது முதற்படி. அவள் பிடித்துவிட்டால், விதிப்படி 0.9 மீற்றர் தூரம் விலகிக் கைகளை உயர்த்தி நின்று பார்வையை மறைப்பது இரண்டாம்படி. எவ்விதத்திலும் அவளை நடுவழியே போகவிடாது பக்கக் கோட்டை நோக்கி ஒதுக்குவது மூன்றாம்படி. கோட்டோரத்தில் அவளுடைய வழிகள் பாதியாகக் குறைகின்றன. அங்கிருந்து அவள் எறிகிற நீண்ட பந்துகளே நமக்கு அகப்படுகின்றன.

இவற்றையெல்லாம் நானுஓயாவிற் கற்பிப்பதற்குச் சில விசேஷ நிபந்தனைகள் உண்டு. தேயிலைச் சரிவுகளிடையே சமதரை அரிது. அருகிலுள்ள ரதல்லயில் தோட்டத் துரைமார் கிரிக்கெட்டுக்கென்று அமைத்துக்கொண்ட மைதானம் ஒருபுறமிருக்க, லயத்துப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வாய்ப்பது கட்டடத்துக்கும் மண்ணணைச் சுவருக்கும் இடைப்பட்ட சரளைத் தரையே. வைகாசி தொடங்கி வீசும் தென்மேற்குப் பருவக்காற்றில் பந்து ஓயாமல் ஈரமாயிருக்கும். விரல்களை அகல விரித்துப் பிடித்து உடனே மார்போடு இழுத்துக்கொள்ளும் பழக்கம் அந்த ஈரத்திலே உண்டாகிறது. ஏறத்தாழ 1,600 மீற்றர் உயரத்திற் பிறந்து, லயத்துக்கும் பாடசாலைக்கும் இடையே மேடும் பள்ளமும் ஏறியிறங்கி வளர்ந்தவர்களுக்கு மூச்சுக்கும் தொடை வலிமைக்கும் குறைவில்லை. கொழும்புக்கு இறங்கினால் அவர்களை வாட்டுவது புழுக்கமே. முதல்நாளே போய்ச் சேர்ந்து தாராளமாகத் தண்ணீர் குடித்தவர்கள் கடைசிப் பகுதிவரை தாங்குகிறார்கள்.

2.08 மீற்றர் உயரமுடைய யாழ்ப்பாணத்துக் கோல் ஷூட்டர் தர்ஜினி சிவலிங்கம், 2009ஆம் ஆண்டிலும் 2018ஆம் ஆண்டிலும் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணிகளின் கீர்த்திக்குக் காரணமாயிருந்ததை எல்லோரும் அறிவர். அவருடைய புகழைக் கேட்ட ஆசிரியர்கள் பலர், அணி தெரிவு செய்யும் நாளிலே பிள்ளைகளைச் சுவரோடு நிறுத்தி உயரம் அளக்கிறார்கள். ஆனால் கோல் வட்டத்துக்குள் உயர்ந்து நின்ற அந்தக் கைகளுக்குப் பந்தைச் சேர்ப்பித்தவர்கள் வட்டத்தின் விளிம்புவரை ஓடிவந்த நடுக்களத்தினர் அல்லவா? நம் தோட்டத்துப் பிள்ளைகளிற் பலர் குட்டையானவர்கள் என்பதற்காக மைதானத்துக்கு வெளியே நிறுத்தப்படுவது அறியாமையின் பயன்.

ஆகவே பாடசாலைகளில் இப்பொறுப்பை ஏற்றிருக்கும் சகோதர ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இதுவே: அளவுநாடாவை மேசையில் வைத்துவிடுங்கள்; ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு முறை பந்தைக் கொடுங்கள்; அவள் எப்படி எறிகிறாள் என்பதைக் காட்டிலும், எறிந்தபின் என்ன செய்கிறாள் என்பதைப் பாருங்கள். நிற்பவளுக்கு ஓடக் கற்பிக்கலாம். சொல்லாமலே ஓடுகிறவளை அன்றைக்கே அணியிற் சேர்த்துக்கொள்ளுங்கள்.