காலுக்குள்ளேயே இருந்த மாற்றுக்குழாய்



“அல்லாஹ் அமானிதமாகத் தந்த நரம்பை ஓரிடத்திலிருந்து அறுத்து இன்னோரிடத்தில் வைப்பது கூடுமா தம்பி? எடுத்தபின் அந்தக் கால் என்னவாகும்?” என் அக்கா கேட்ட இவ்விரு கேள்விகளும் நம் குடும்பங்கள் பலவற்றில் எழக்கூடியவை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மச்சான், விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் 30 ஆண்டுகள் சூளை வேலை பார்த்தவர். சர்க்கரையும் பீடியும் அவரோடு நெடுங்காலம் குடியிருந்தன. சிறிது தூரம் நடந்தாலே கெண்டைக்கால் இறுகிவிடும். நின்றால் வலி தணியும். வயதின் தளர்ச்சி என்றே சொல்லிவந்தார். பிறகு, இரவில் காலைக் கட்டிலிலிருந்து தொங்கவிட்டால்தான் உறக்கம் என்றாகியது. இறுதியில் இடக்காலின் பெருவிரல் கறுத்தது. தொடையிலிருந்து இறங்கும் தமனி நீண்ட தூரம் அடைபட்டிருப்பதைச் சென்னையில் எடுத்த ஸ்கேன் காட்டியது. அவர் காலிலுள்ள சிரையையே எடுத்து பைபாஸ் செய்யலாம் என்றார் மருத்துவர்.

நாம் பேச்சில் நரம்பு என்று சொல்வது இங்கே ரத்தக்குழாயைத்தான். இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுவருவது தமனி. திரும்ப எடுத்துச்செல்வது சிரை. உட்கணுக்காலில் தொடங்கித் தொடையிடுக்குவரை தோலுக்கடியில் ஏறும் சிரையே உடலின் மிக நீளமான சிரை. இதய பைபாஸுக்கும் பெரும்பாலும் இதையே எடுக்கிறார்கள். காலிலிருந்து திரும்பும் ரத்தத்தில் பெரும்பகுதியைச் சுமப்பவை தசைகளுக்கிடையே ஓடும் ஆழ்சிரைகள். அவை நலமாக இருந்தால், மேலே உள்ள இந்த ஒன்றை எடுத்தாலும் கால் சமாளித்துக்கொள்ளும். சில மாதங்கள் வீக்கம் இருக்கலாம். அக்காவின் இரண்டாம் கேள்விக்கு மருத்துவர் தந்த விளக்கம் இதுவே.

என்னை வியக்க வைத்தது வேறொன்று. சிரைக்குள் சிறு வால்வுகள் உள்ளன. அவை ரத்தத்தை மேல்நோக்கி மட்டுமே விடும். தமனியின் ரத்தமோ கீழ்நோக்கிப் போக வேண்டும். ஆகவே சிரையைத் தலைகீழாகத் திருப்பி, ஒரு முனையை அடைப்புக்கு மேலும் மறு முனையை அடைப்புக்குக் கீழும் தமனியின் பக்கவாட்டில் தைக்கிறார்கள். சிரையை இருந்த இடத்திலேயே விட்டு, வால்வுகளை மட்டும் அறுத்துவிடும் முறையும் உண்டு. திருப்பித் தைக்கும் முறையைக் காலில் முதன்முதலில் செய்துகாட்டியவர் ழான் குன்லின். 1948இல், பாரிஸில்.

செயற்கைக் குழாய்களும் இருக்கின்றன. முழங்காலுக்கு மேல் அவை ஓரளவு பயன்படும். முழங்காலுக்குக் கீழே சொந்தச் சிரையே நெடுநாள் அடையாமல் ஓடுகிறது, கிருமித் தொற்றும் குறைவு. பலூன், ஸ்டென்ட் போதாதா என்று உறவினர்கள் கேட்டார்கள். பலருக்குப் போதும். ஆனால் கால் இழக்கும் ஆபத்திலிருந்த 1,800க்கும் மேற்பட்டோரிடம் நடந்த பெஸ்ட்-சிஎல்ஐ எனும் ஆய்வின் முடிவு 2022இல் வெளியானது. நல்ல சிரை உள்ளவர்களுக்கு முதலிலேயே அறுவை செய்வது மேலான பலன் தந்தது. அப்படிப்பட்ட சிரை இல்லாதவர்களிடம் இரு முறைகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆக, சிரை நன்றாக இருக்கிறதா என்று ஸ்கேனில் முன்கூட்டியே பார்ப்பது முக்கியம். சுருள் சிரைக்காக அதை அகற்றச் சொன்னால், பின்னாளில் இது தேவைப்படுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அக்காவின் முதல் கேள்விக்கு வருகிறேன். 1988 பிப்ரவரியில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி இதை ஆராய்ந்தது. ஒருவரின் உடலுறுப்பை அவரது உடலிலேயே வேறிடத்தில் பொருத்துவது, கிடைக்கும் நன்மை தீங்கைவிட மிகைத்திருந்தால் கூடும் என்று தீர்மானித்தது. ஒரு காலைக் காப்பது அதற்குள் அடங்காதா? அமானிதத்தைக் காப்பதும் அமானிதம்தான் என்று அக்காவிடம் சொன்னேன். அவர் அழுதுவிட்டு, சம்மதித்தார்.

விரல் போயிற்று, கால் நிலைத்தது, அல்ஹம்துலில்லாஹ். தையல் தொடையிலிருந்து கெண்டைக்கால்வரை நீண்டிருந்ததால், உளூவில் கட்டின்மீது மஸ்ஹு செய்தார்; நாற்காலியில் தொழுதார். நாற்காலித் தொழுகையைக் குறைவாகப் பார்க்கும் வழக்கம் சில மஹல்லாக்களில் இருக்கிறது. எனக்கு அது உடன்பாடில்லை. நோயுற்றிருந்த இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நிற்க இயலாவிட்டால் அமர்ந்தும், அதுவும் இயலாவிட்டால் படுத்தும் தொழ நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதை ஸஹீஹுல் புகாரியில் காணலாம்.

பீடியை மச்சான் விட்டுவிட்டார். புகை தொடர்ந்தால் புதிதாகத் தைத்த குழாயும் விரைவில் அடைபடும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

உளூச் செய்யும்போது கால்விரல்களின் இடுக்குகளைக் கோதிக் கழுவுகிறோமே, ஆறாத புண்ணும் நிறம் மாறிய விரலும் கண்ணில் படும் இடம் அதுதான். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். வலியை நம்பிக் காத்திருக்க முடியாது. அப்படி ஏதேனும் கண்டால் மஞ்சள் பற்றோ களிம்போ போட்டு நாள் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். பாதத்தின் மேற்புறத்தில் விரல் வைத்து நாடி பார்ப்பார். கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் அளந்து ஒப்பிடுவார். ஊசி இல்லை, வலி இல்லை. சில நிமிட வேலை.